அத்தான் என்னைக் காப்பாற்றிய கதை

என் அக்காவின் கணவர் எங்கள் குழுவுக்குத் தலைவராக வந்த அன்று, ஒரு பாறை மேல் ஏறி நின்று மலையைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்தார். அதற்கு முன்பு அவர் மலைப்பக்கம் வந்தது கிடையாது. இலாகாவின் சாமான் கிடங்கில் இருந்தவர். கடப்பாரை, சம்மட்டி, மண்வெட்டி எல்லாம் நிறையவே பார்த்திருக்கிறார், ஆனால் அவை சுவரில் சாய்ந்து நிற்கும்போது மட்டும். பழைய தலைவர் ஓய்வு பெற்றுப் போனதும், மேலே வர வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் இலாகா இவரைப் பிடித்து அனுப்பிவிட்டது. அத்தான் அதைத் தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் வேலை மலையில் நடைபாதை போடுவது. குளிர் விட்டதும் மேல் முகாமுக்கு ஏறுவோம். அடுத்த குளிர் வருவதற்குள் இறங்கிவிடுவோம். தகரக் கூரை போட்ட இரண்டு அறைகளும் ஒரு சமையல் கொட்டகையும்தான் முகாம். பகலெல்லாம் புதர் வெட்டுவோம், சரிவைக் குடைந்து பாதை எடுப்போம், மண் சரியாமல் இருக்கக் கல் அடுக்கித் தாங்குசுவர் கட்டுவோம், மழைத் தண்ணீர் பாதையைத் தின்றுவிடாதபடி குறுக்கே வடிகால் விடுவோம். கீழிருந்து வருகிறவர்கள் அதன் மேல் சுகமாக நடந்துபோய், உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மனிதக் கை படாத இடம் என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள்.

குழுவில் யானை இருந்தான். உடம்பு அப்படி. நாங்கள் மூன்று பேர் நெம்பிப் புரட்டுகிற கல்லை அவன் ஒருத்தனே கட்டிப்பிடித்துக் கொண்டுவருவான். வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் இரைச்சல் தாங்காமல் மலைக்கு ஓடிவந்தவர். சமையலம்மா இருந்தாள். கொட்டகைக்குள் அவளைக் கேட்காமல் ஒரு கரண்டியைத் தொட முடியாது. அப்புறம் அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், அதனால் இந்தக் கதையில் அவர்கள் பேசுவதாக எதுவும் வராது. எனக்குத் தேள் என்று பேர். ஏன் என்று போகப் போகத் தெரியும். அத்தானுக்கு நாங்கள் வைத்த பேர் மைக். அது அவர் காதுக்குப் போகவில்லை. போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

காலையில் டீயைக் கையில் எடுத்ததும் அத்தான் பேச ஆரம்பிப்பார். பாதுகாப்பு, ஒற்றுமை, கடமை, காலணி. காலணியைப் பற்றி அவருக்குத் தீராத அக்கறை. "மலையில வேலை செய்யறவனுக்குப் பூட்ஸ்தான் தாய். பூட்ஸ் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது" என்று ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நின்று சொல்வார். அவரிடம் அருமையான பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. அது கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி இருக்கும். அதிகாரிகள் மேலே வருகிற நாளில் மட்டும் வெளியே வரும்.

அவர் வந்த பிறகு நாங்கள் செய்த பெரிய வேலை, முகாமுக்குக் கீழே இருக்கும் சரிவு. அங்கே கொண்டை ஊசி வளைவாகப் பாதையை மடக்கி மடக்கிக் கொண்டுபோக வேண்டும் என்று பழைய தலைவர் இருந்தபோதே எல்லோரும் பேசி வைத்திருந்தோம். அத்தான் இடுப்பில் கை வைத்துச் சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"எதுக்குச் சுத்தி வளைச்சுக்கிட்டு? நேரா படி போட்டுடுவோம்."

"நேராப் போட்டா ஏற முடியாதுங்க" என்றார் வாத்தியார். "முட்டி கழண்டுடும்."

"நடக்கறவங்களுக்கு ஒரு சவால் வேணும் வாத்தியாரே. சவால் இல்லாட்டி அது மலையா?"

வளைவு வளைவாகப் போட்டால் அந்தப் பருவத்தில் முடியாது, படி என்றால் பெரிய அதிகாரி வருவதற்குள் முடித்துக் காட்டிவிடலாம் என்பதுதான் விஷயம். அதை அவர் சொல்லவில்லை. சவால் என்று சொன்னார். படிக்கல்லின் உயரத்தைத் தன் காலை வைத்து அளந்தார். அத்தானுக்கு ஒட்டகத்தின் கால். அவருக்கு முட்டிக்குக் கீழே வந்தது எனக்குத் தொடைக்கு வந்தது.

"அத்தான், இது படியா, அலமாரியா?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுலயும் குறைதான். உங்க அக்கா வாயும் இதேதான்" என்றார்.

என் அக்கா வாயைத் திறந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவர் திறக்க விட்டால்தானே.

படி முடிந்தது. அதிகாரி வந்தார், பூட்ஸ் வெளியே வந்தது, படம் எடுத்தார்கள். அதிகாரி கீழ்ப்படியில் நின்று மேலே பார்த்து, "பிரமாதம்" என்றார். ஏறவில்லை. ஏறியிருந்தால் வேறு வார்த்தை சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து ஒரு காலை. நான் மேலே கல் உடைக்கிற இடத்தில் இருந்தேன். யானை என்னோடு இருந்தான். கீழேயிருந்து ஒரு அலறல் வந்தது. ஏதோ மிருகம் வலையில் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஓடி வந்து பார்த்தால் முகாமுக்குப் பின்னால் இருக்கும் சரிவில், ஒரு புதருக்குள் அத்தான் மல்லாந்து கிடந்தார். ஒரு செருப்பு மேலே பாதை ஓரத்தில் இருந்தது. இன்னொன்று காலில் திரும்பிப் போய்த் தொங்கியது. கால் அதற்கும் மேலாகத் திரும்பியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கழிவறை வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு, சரிவின் ஓரத்தில் நின்று ஒன்றுக்குப் போயிருக்கிறார். ஈரப் புல். ரப்பர் செருப்பு. மீதி வேலையை மலை பார்த்துக்கொண்டது. சமையலம்மா கொட்டகை ஜன்னல் வழியாக முழுக்கப் பார்த்திருக்கிறாள். "நின்னுக்கிட்டு இருந்தாரு, அப்புறம் இல்லை" என்றாள்.

சிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வலியில் அவர் முகம் சாம்பலாக இருந்தது, பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை. காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினோம். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துப் பட்டை போட்டு இறுக்கினோம். மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் வராது என்று கீழேயிருந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கீழே போக ஒரே வழிதான் இருந்தது.

யானை முன்னால் பிடித்தான். அண்ணனும் தம்பியும் பின்னால். நானும் வாத்தியாரும் பக்கத்துக்கு ஒருவராகக் கயிறு பிடித்தோம். முதல் படியில் யானை கீழே காலை விட்டான், கால் எட்டவில்லை. உட்கார்ந்து இறங்கினான். ஸ்ட்ரெச்சர் முன்பக்கமாகச் சாய்ந்தது. அத்தான் கத்தினார்.

"மெதுவாடா."

"மெதுவாத்தான் தலைவரே வர்றோம். படி உங்க அளவுக்குப் போட்டது. எங்களுக்கு எட்ட மாட்டேங்குது" என்றான் யானை.

அடுத்த படியில் மறுபடியும் சாய்ந்தது. அதற்கடுத்த படியிலும். வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "நடக்கறவங்களுக்கு ஒரு சவால் வேணும்னு யாரோ சொன்ன ஞாபகம்."

பாதி தூரம் இறங்கியிருப்போம். அத்தான் வலியில் நினைவு தடுமாறி, "எவன்டா இந்தப் படியைப் போட்டது?" என்று முனகினார்.

தம்பிக்காரன் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடியே முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஆம்புலன்ஸ் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்ததும் அத்தானுக்குத் தெளிவு வந்துவிட்டது. என் கையைப் பிடித்தார்.

"எப்படி ஆச்சுன்னு யாராவது கேட்டா, கல்லு உருண்டுச்சுன்னு சொல்லு."

"எந்தக் கல்லு?"

"மலையில கல்லுக்கா பஞ்சம்?" என்றார். அதோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கல் உருண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அது பாறையாகிவிட்டது. கட்டுப் போட்டு வார்டுக்கு வந்தபோது அந்தப் பாறை ஒரு ஆளை நோக்கி உருண்டது. இலாகாவிலிருந்து பார்க்க வந்த குமாஸ்தாவிடம் சொன்னபோது அந்த ஆள் ஒரு பெண். சாயங்காலம் அக்கா போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் நான். என்னைத் தள்ளிவிட்டு அவர் தன் காலைக் கொடுத்தாராம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அம்மா போன் செய்தபோதுதான்.

"நன்றி கெட்டவளே" என்று ஆரம்பித்தாள் அம்மா. "உசிரைக் காப்பாத்தினவரைப் போய் ஒரு எட்டு பார்க்கணும்னு தோணலையா உனக்கு?"

"யார் உசிரை?"

"உன் உசிரைத்தான்டி. பாறை உருண்டுச்சாமே."

"அம்மா, அவரு ஒண்ணுக்குப் போகப் போயி வழுக்கி விழுந்தாரு."

அம்மா அழ ஆரம்பித்தாள். "அவரைப் பத்தி இப்படிக் கூடவா பேசுவே? நாக்கு அழுகிடும்" என்றாள். அத்தை, மாமா, சித்தப்பா எல்லோரும் வரிசையாகப் போன் செய்தார்கள். என் உயிரைப் பற்றி அவர்களுக்கு இவ்வளவு அக்கறை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

குழுவில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். இதைச் சும்மா விடப் போவதில்லை, இலாகாவுக்கே போய் உடைக்கப் போகிறேன் என்றேன். வாத்தியார் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். யானையும் வந்து உட்கார்ந்தான். சமையலம்மா கதவைச் சாத்தினாள். ஏதோ கொலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் மாதிரி இருந்தது.

"விசாரிச்சேன்மா" என்றார் வாத்தியார். "வீரச்செயல் பண்ணினவரைத் திரும்ப மலைக்கு அனுப்ப மாட்டாங்களாம். கீழே பயிற்சி மையத்துல போடப் போறாங்களாம். நிரந்தரமா."

"அதுக்கு?"

"நீ வாயைத் திறந்தா அவரு வீரர் இல்லைன்னு ஆயிடும். கால் சேர்ந்ததும் திரும்ப இங்கதான் வருவாரு."

யானை கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும். காலையில ஒரு டீயை நிம்மதியா குடிக்கணும். அவரு உன்னைக் காப்பாத்தினாருன்னே இருக்கட்டுமே. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

என்ன குறைந்து போச்சு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் குறைந்திருந்தது. பாறை உருண்டு வரும்போது பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறவள் என்று இத்தனை வருஷம் கடப்பாரை பிடித்தவளைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்? அதை அவர்களிடம் சொன்னால் வீம்பு என்பார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

வார விடுமுறையில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டிலேயே தையல் போட்டிருந்தாள். முன்னறையில் ஜன்னல் பக்கமாகத் தையல் மிஷின், சுவரில் நீளக் கண்ணாடி, மூலையில் ஒரு திரை. அளவு கொடுக்க வருகிற பெண்கள் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். அத்தான் மலையில் இருந்த மாதங்களில் அந்த அறை சின்னக் கடை மாதிரி கலகலப்பாக இருந்தது.

இப்போது அந்தத் திரைக்கு எதிரே அத்தான் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தார். துணி வைக்கிற ஸ்டூல் அது. துணியெல்லாம் தரையில் கிடந்தது.

"வாம்மா" என்றார், குரலைக் கனமாக்கிக்கொண்டு. "உடம்பு எப்படி இருக்கு? அதிர்ச்சியெல்லாம் தெளிஞ்சுதா?"

"எனக்கு என்ன அதிர்ச்சி அத்தான்?"

"தைரியமா இருக்கற மாதிரி காட்டிக்கறே. நல்லது" என்றார்.

வாசலில் ஒரு பெண் கையில் துணிப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அத்தான் திரும்பி, "உள்ள வாங்க, கால் இப்போ பரவாயில்லை. அந்தப் பாறை மட்டும் இன்னும் ஒரு அடி தள்ளி வந்திருந்தா..." என்று தொடங்கினார். அந்தப் பெண் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கதையை ஏற்கனவே கேட்டவள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காதபடி.

"நிஜமா என்னடி நடந்துச்சு?"

சொன்னேன். ஒரு விஷயத்தையும் விடாமல் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு அசைவு இல்லை.

"நினைச்சேன்" என்றாள். "பாறையைப் பார்த்தா முதல்ல ஓடற ஆளு அவரு. இவ்வளவு நாள் குடும்பம் நடத்தினவ எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சும்மா இருக்கே?"

"நான் சொன்னா யாரு கேட்பா? நீ சொல்லு. விழா வைக்கிறாங்களாம். கேடயம் கொடுக்கிறாங்களாம். உன்னையும் பேசக் கூப்பிடுவாங்க. மேடையிலயே போட்டு உடைச்சுடு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புருஷனின் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி அவள் என் காலில் விழுவாள், அவளை நன்றாகத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அவருக்குக் கேவலமில்லையா?"

"கேவலம் ஒரு வாரம் இருக்கும்" என்றாள் அக்கா. "அவரு கீழே இருந்தா வருஷம் முழுக்க இருப்பாரு. பயிற்சி மையத்துல வாரத்துக்கு ரெண்டு வகுப்புதானாம். மீதி நேரம் இங்கதான். அவரு வந்ததுலேர்ந்து ஒரு துணி முழுசாத் தைக்க முடியலைடி. நான் ஊசியில நூல் கோத்தா, எப்படிக் கோக்கணும்னு சொல்லித் தர்றாரு. வர்றவங்க எல்லாம் எதிர்த் தெரு தையல்காரிகிட்ட போயிட்டாங்க. அவரைத் திரும்ப மலைக்கு அனுப்பற வழியைப் பாரு."

மலையில் இருப்பவர்களுக்கு அவர் கீழே இருக்க வேண்டும். கீழே இருப்பவளுக்கு அவர் மலையில் இருக்க வேண்டும். ஒரு மனிதனை இரண்டு பக்கமும் இப்படித் தள்ளுவதைக் கால்பந்தில்தான் பார்த்திருக்கிறேன். இதில் யார் பக்கம் நிற்பது என்று நான் யோசிக்கவே இல்லை. அக்கா பக்கம்தான். யானை இன்னொரு பருவம் ஆறின டீ குடித்தால் ஒன்றும் செத்துவிட மாட்டான்.

விழா இலாகாவின் கூட்ட அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசை விரிப்பு, காற்று வராத மின்விசிறி. அத்தான் ஊன்றுகோலோடு வந்தார். கால் நன்றாகச் சேர்ந்துவிட்டது, ஊன்றுகோலைக் கொஞ்சம் மறந்து மறந்து ஊன்றினார். காலில் அந்த பூட்ஸ். பெரிய அதிகாரி பேசினார். தியாகம் என்றார். பாறை இப்போது ஒரு லாரி அளவுக்கு வளர்ந்திருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ஒலிவாங்கி முன்னால் போய் நின்றேன். பின்வரிசையில் யானை கண்ணை மூடிக்கொண்டான். முன்வரிசையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாறை எதுவும் உருளலைங்க" என்றேன். "நான் அந்த இடத்துலயே இல்லை. மேலே கல்லு உடைச்சுக்கிட்டு இருந்தேன். அத்தான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுச் சரிவு ஓரமா ஒண்ணுக்குப் போனாரு, வழுக்கி விழுந்துட்டாரு. சமையலம்மா ஜன்னல்ல இருந்து பார்த்தாங்க. அவ்வளவுதான்."

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ இரண்டு பேர் சிரித்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள். அத்தான் மெதுவாக எழுந்தார். ஊன்றுகோலை ஊன்றி ஒலிவாங்கிக்கு வந்தார். என் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"யாரும் இவளைத் தப்பா நினைக்காதீங்க" என்றார். "அன்னிக்கு நடந்தது இவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில டாக்டரைக் கேட்டேன். சாவைக் கண்ணுக்கு நேரா பார்த்தவங்களுக்கு மனசே அதை அழிச்சுடுமாம். அப்புறம் வேற ஏதாவது ஒரு கதையை அது தானாவே கட்டிக்குமாம். அவளுக்கு அப்படியே இருக்கட்டும். நான் ஒண்ணுக்குப் போகப் போய் விழுந்தவன்னே அவ நினைச்சுக்கட்டும். என் மச்சினி உசிரோட இருக்கா, எனக்கு அது போதும்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒரு அம்மா எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யும்படி உதவியாளரிடம் காதோடு சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நான் அத்தானின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. அந்த மனிதர் அதை முழுதாக நம்பிக்கொண்டிருந்தார். பாறை அவருக்குக் கண்ணில் தெரிந்தது. பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம். இவரிடம் என்ன செய்வது? இறங்கி வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரைத் திட்ட வார்த்தை கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான்.

அவரைப் பயிற்சி மையத்தில் போட்டார்கள். எங்களுக்கு வாத்தியாரையே தலைவராக்கினார்கள். யானை ஆனந்தக் கூத்தாடினான். அடுத்த பருவம் மேலே போன முதல் காலை, வாத்தியார் டீ கிளாஸோடு எழுந்து நின்று, "நான் அதிகம் பேச மாட்டேன்" என்று ஆரம்பித்தார். டீ ஆறிப்போகும் வரை அதிகம் பேச மாட்டேன் என்பதைப் பற்றியே பேசினார். யானை என்னைப் பார்த்தான். "என்னை ஏன் பார்க்கறே? நீ கேட்டதுதானே" என்றேன்.

அந்தப் பருவத்தின் நடுவில் சமையலம்மாவின் மகளுக்குப் பிரசவம். அவள் இறங்கிப் போனாள். வேறு ஆள் அனுப்புகிறோம் என்று கீழே சொன்னார்கள். ஆள் வந்தபோது நான் வடிகாலுக்குள் குனிந்து மண் அள்ளிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, "இந்தப் படியெல்லாம் எந்த மடையன் போட்டது?" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தேன். முதுகில் ஒரு பெரிய பையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். மூச்சு இரைத்தது. முகம் சிவந்திருந்தது.

"உன் புருஷன்தான்" என்றேன்.

"நினைச்சேன்" என்றாள்.

அன்றைக்குச் சமையல் கொட்டகையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் பைத்தியமா? வீட்டுல ஒருத்தருக்குச் சமைக்க முடியலைன்னு இங்க இத்தனை பேருக்குச் சமைக்க வந்தியா? தையலை என்ன பண்ணினே?"

"மிஷினை எதிர்த் தெரு தையல்காரிகிட்டக் கொடுத்துட்டு வந்தேன். திரும்பப் போறப்போ வாங்கிக்குவேன்." அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இவங்க சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவாங்க. அவரு சாப்பிட்டுட்டுப் பேசுவாரு."

அவள் சமையல் சுமார்தான். நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? முதல் வாரம் எல்லாவற்றிலும் உப்பு குறைவு, இரண்டாம் வாரம் அதிகம். ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணன் தம்பி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மத்தியானத்தில் அக்கா கொட்டகை வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காருவாள். ஒன்றும் செய்ய மாட்டாள். எதிரே இருக்கிற மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

குளிர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தான் வந்தார். பயிற்சி மையத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சம்பவ இடத்தைக் காட்ட வந்திருந்தார். பூட்ஸ் போட்டிருந்தார். எங்களைக் கண்டுகொள்ளாமல் நேராகப் பாதையில் நடந்து, ஒரு பாறை முன்னால் நின்றார். சின்ன வீடு அளவு இருக்கும். மலையோடு மலையாக வேர் பிடித்து நிற்கிற பாறை. அதன் மேல் பாசி படர்ந்து, பாசி மேல் செடி முளைத்திருந்தது.

"இதுதான்" என்றார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் பாறையைச் சுற்றி வந்து, அது எங்கிருந்து உருண்டிருக்கும் என்று மேலே பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள். நான் சம்மட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டேன். என்னிடம் இனிமேல் சொல்ல எதுவும் இல்லை. அவளுக்குக் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும்.

பேசி முடித்துவிட்டு அத்தான் சமையல் கொட்டகைக்கு வந்தார். அக்கா ஒரு தட்டில் சாப்பாடு போட்டு வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டையில் ஒரு பட்டன் இல்லை.

"எப்ப வர்றே?" என்றார்.

"பருவம் முடியட்டும்."

"வீடு வெறிச்சோடிக் கிடக்கு. பேச்சுத் துணைக்கு ஆளே இல்லை."

"பேச்சுத் துணையா, கேக்கத் துணையா?" என்றாள் அக்கா.

அத்தான் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். ஒன்றும் வரவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது, அதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. அவர் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், கடைசிவரை சாப்பிட்டார். எழுந்து தட்டைத் தானே கழுவி வைத்தார். போய்வருகிறேன் என்பது மாதிரி தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் என்ன சொல்லித் திட்டுவது என்றும் யோசித்து வைத்தேன். அவள் மூலையிலிருந்த உருளைக்கிழங்குக் கூடையை இழுத்து எனக்கும் அவளுக்கும் நடுவில் போட்டாள். ஒரு கத்தியை என் கையில் கொடுத்தாள்.

"சும்மாதானே நிக்கறே, சீவு" என்றாள். நான் ஒன்றை எடுத்துச் சீவினேன். அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிழங்கைப் பிடுங்கிக்கொண்டாள். "தோலோட பாதிக் கிழங்கும் போகுது. கல்லு உடைக்கறவகிட்டக் கொடுத்தேன் பாரு."